பழைய வண்டியில் கிளட்ச் பெடல் பஞ்சாக அமுங்கினால்: ஏர் எடுப்பதா, கிட் போடுவதா, சிலிண்டரை மாற்றுவதா?

சில்க் போர்டு சிக்னலில் முதல் கியரில் கிளட்சை மிதித்தபடி நிற்கும்போது வண்டி மெல்ல முன்னால் நகர்கிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் உரசுகிறது. பெடலை இரண்டு தடவை அடித்துவிட்டு மிதித்தால் அதே கியர் சத்தமில்லாமல் விழுகிறது. பெங்களூரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் குவாலிஸ், முதல் தலைமுறை இன்னோவா, பழைய ஸ்கார்ப்பியோ வைத்திருப்பவர்களுக்கு இந்த அறிகுறிகள் பழக்கமானவை. ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். "ஏர் எடுத்தா சரியாயிடும் சார்" என்பார் ஒருவர், அதாவது ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. "வாஷர் கிட் போடணும்" என்பார் அடுத்தவர், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்களை மட்டும் மாற்றுவது. மேலேயும் கீழேயும் இரண்டு சிலிண்டரையும் மாற்றச் சொல்பவர் உண்டு, கியர்பாக்ஸையே இறக்கச் சொல்பவரும் உண்டு. செலவு சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகிறது. அந்தந்தக் கோளாறுக்கு அந்தந்தப் பதில் சரி. எந்தக் கோளாறு என்று பார்க்காமலே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அதே வேலைக்கு இரண்டாம் முறை காசு கொடுக்க நேர்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளட்ச் ஹைட்ராலிக் என்பது மூடிய அமைப்பு. பெடலை மிதித்தால் மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய் வழியாகத் தள்ளும், கீழே கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தில் கிளட்சை விடுவிக்கும். அதற்குள் காற்று தானாக முளைக்காது. யாராவது லைனைத் திறந்திருக்க வேண்டும், ஆயில் மட்டம் தரைதட்டியிருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒரு ரப்பர் விட்டிருக்க வேண்டும். முதல் இரண்டும் நடக்காத வண்டியில் ஏர் மட்டும் எடுத்து அனுப்பினால், அது சில வாரத் தவணைதான். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த அடிப்படையில் நிற்கிறது.

இவ்வளவு சிறிய காற்று ஏன் இவ்வளவு தொல்லை

பிரேக்கோடு ஒப்பிட்டால் கிளட்ச் லைனில் நகரும் ஆயில் மிகக் குறைவு. மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 15.87 மி.மீ. (பழைய அளவில் 5/8 அங்குலம்) என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் 25 மி.மீ. நகர்ந்தால் வெளியே தள்ளப்படும் ஆயில் ஏறத்தாழ 5 மி.லி., ஒரு டீஸ்பூன் அளவு. கீழே ஸ்லேவ் சிலிண்டர் 20.64 மி.மீ. (13/16 அங்குலம்) விட்டமுள்ளதாக இருந்தால், அந்த 5 மி.லி. ஸ்லேவ் பிஸ்டனைக் கிட்டத்தட்ட 15 மி.மீ. நகர்த்தும். கிளட்ச் முழுதாக விடுபட அந்தப் பதினைந்தும் தேவைப்படும்.

லைனில் அரை மி.லி. காற்று இருந்தால் என்ன ஆகும்? பெடலை மிதிக்கும்போது எழும் அழுத்தத்தில் அந்தக் காற்று சுருங்கிக் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். அதாவது மாஸ்டர் பிஸ்டனின் பயணத்தில் 2.5 மி.மீ. வீண். பெடல் நெம்புகோலின் விகிதம் ஐந்தோ ஆறோ இருக்கும் என்பதால், காலுக்குக் கீழே 12 முதல் 15 மி.மீ. வரை ஒன்றும் நடக்காமல் பெடல் இறங்கும். ஸ்லேவில் ஒன்றரை மி.மீ. குறையும். கிளட்ச் பிளேட் முழுதாக விடுபடாமல் உரசிக்கொண்டே இருக்க இதுவே போதும். பிரேக்கில் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய சிறு குமிழி கிளட்சில் கியர் பல்லைத் தின்கிறது.

சிலிண்டர் வாங்கும்போதும் இதே கணக்கு முக்கியம். "இதுவும் பொருந்தும் சார்" என்று கடைக்காரர் கொடுக்கும் பெரிய விட்டமுள்ள ஸ்லேவ், போல்ட் துளை எல்லாம் சரியாக உட்கார்ந்தாலும், பயணத்தைக் குறைத்துவிடும். பெடல் லேசாக இருக்கும், கியர் விழாது. ஜப்பானிய வகைச் சிலிண்டர்கள் பலவற்றில் விட்ட அளவு உடம்பிலேயே வார்ப்பு எழுத்தாக இருக்கும். பழையதைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிடுங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஆயில் மட்டத்திலிருந்து தொடங்குவோம். கிளட்சுக்கெனத் தனி டப்பா இருக்கும் வண்டியில், பிளேட் தேயத் தேய மட்டம் லேசாக ஏறும். பிளேட் தேயும்போது பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தட்டு) விரல்கள் பின்னோக்கி வந்து ஸ்லேவ் பிஸ்டனை உள்ளே தள்ளுவதால், ஆயில் மேலே திரும்புகிறது. ஆகவே தனி டப்பாவில் மட்டம் இறங்குகிறது என்றால் கசிவு உறுதி. பிரேக்கும் கிளட்சும் ஒரே டப்பாவைப் பகிரும் வண்டியில் பிரேக் பேட் தேய்மானமும் மட்டத்தை இறக்கும் என்பதால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த வகை டப்பாக்களில் கிளட்சுக்குப் போகும் குழாய் பெரும்பாலும் பக்கவாட்டில், சற்று உயரத்தில் இருக்கும். மட்டம் இறங்கினால் முதலில் காற்று குடிப்பது கிளட்ச்தான். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதே என்று நம்பி ஆயிலைப் பார்க்காமல் விடுவது இதனால் நடக்கிறது.

ஆயிலின் நிறமும் சேதி சொல்லும். புதிய டாட் 4 (பிரேக், கிளட்ச் ஆயிலின் ஒரு தரம்) வெளிர் மஞ்சள். கரிய ஆயில் ரப்பர் தேய்ந்து கரைவதைக் காட்டும். சாம்பல் நிறத்தில் மினுக்கினால் அலுமினியச் சிலிண்டரின் சுவரே உதிர்கிறது. அதற்கு மேல் கிட்டைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

அடுத்தது கசிவு. டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து, பெடலின் புஷ் ராடு (தள்ளும் கம்பி) எஞ்சின் பக்கச் சுவரைத் துளைத்துப் போகுமிடத்தில் விரல் வையுங்கள். ஈரமாக இருந்தால் மாஸ்டரின் பின் வாஷர் போய்விட்டது. கால்மிதிக்கு அடியில் கம்பளம் பிசுபிசுப்பதும் அதுவே. பிறகு வண்டிக்கு அடியில் போய், ஸ்லேவின் ரப்பர் பூட்டை விரலால் ஓரமாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் ஸ்லேவ் முடிந்தது. வெளியே சொட்டாமல் பூட்டுக்குள்ளேயே தேங்கி நிற்பது சகஜம் என்பதால், மேலோட்டமாகப் பார்த்து "லீக் இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. பெல் ஹவுசிங்கின் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியில் சொட்டு இருந்தால் அது எஞ்சின் ஆயிலா, கியர் ஆயிலா, பிரேக் ஆயிலா என்று தெரிய வேண்டும். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு துளி விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கலந்து காணாமல் போகும். மற்ற இரண்டும் மேலே மிதந்து வானவில் காட்டும்.

மூன்றாவது சோதனை பெடலிலேயே. எஞ்சினை ஐடிலில் விட்டு, பெடலை விசையாக அல்லாமல் மென்மையாக மிதித்து அப்படியே அரை நிமிடம் பிடியுங்கள். மென்மை முக்கியம். ஓங்கி மிதித்தால் அழுத்தத்தில் வாஷரின் உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், தேய்மானம் மறைந்துவிடும். மெல்லப் பிடிக்கையில் பெடல் தானாக இறங்கிக்கொண்டே போய், வெளியே எங்கும் கசிவும் இல்லாமல், டப்பாவில் மட்டமும் குறையாமல் இருந்தால், ஆயில் மாஸ்டருக்குள்ளேயே வாஷரைத் தாண்டித் திரும்புகிறது. சிக்னலில் நிற்கும்போது வண்டி நகர்வது பெரும்பாலும் இதனால்தான். இதற்கு எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பயன் இருக்காது.

பெடல் இறங்காமல் ஒரே இடத்தில் நின்று, ஆனால் மிதிக்கும்போது மட்டும் பஞ்சாக இருந்தால், காற்று அல்லது ஹோஸ். ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு ரப்பர் ஹோஸை உள்ளங்கையில் பிடித்தால் வீக்கம் கைக்குத் தெரியும். காலையில் நன்றாக இருந்து, ஹெப்பாளிலிருந்து கே.ஆர். புரம் வரை ஊர்ந்த பிறகு மட்டும் பெடல் தளர்ந்து, வண்டி ஆறியதும் சரியாகிறது என்றால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பின் 140. டாட் 4-க்கு 230, 155. சைலன்சர் குழாய்க்கு அருகில் இருக்கும் ஸ்லேவில் அந்த ஈரம் ஆவியாகிக் குமிழியாகிறது. இந்தக் கோளாறு வெறும் ஆயில் மாற்றத்தாலேயே முழுதாகத் தீரும்.

நான்காவது, ஸ்லேவின் பயணத்தை அளப்பது. ஃபோர்க் (ஸ்லேவ் தள்ளும் நெம்புகோல்) அருகே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து, பெடலைத் தரை வரை மிதிக்கச் சொல்லி, புஷ் ராடு எத்தனை மி.மீ. நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெடலை நான்கைந்து தடவை அடித்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டாவது அளவு கூடினால் கோளாறு ஹைட்ராலிக்கில். இரண்டும் ஒன்றாக, உங்கள் வண்டிக்குரிய முழு அளவில் இருந்து, அப்போதும் ரிவர்ஸ் உரசினால் ஆயில் பக்கமே போக வேண்டாம். ஃபோர்க் வளைந்திருக்கலாம், பிவட் தேய்ந்திருக்கலாம், பிளேட் நெளிந்திருக்கலாம். பெடல் பின் தேய்ந்து துளை முட்டை வடிவமாகியிருந்தாலும், பெடல் பிராக்கெட்டில் விரிசல் இருந்தாலும் இதே மாதிரி பயணம் வீணாகும். சுவரில் மாஸ்டர் பொருந்தியிருக்கும் இடம் மிதிக்கும்போது உள்ளே வெளியே ஆடுகிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

இதற்குப் பிறகும் மேலா கீழா என்று சந்தேகம் இருந்தால், மாஸ்டரின் வெளிவாயில் குழாயைக் கழற்றிவிட்டு அதே மரையில் ஒரு அடைப்பு போல்ட் போட்டு, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றிவிட்டு மிதியுங்கள். ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 10 மி.மீ., 1 மி.மீ. பிட்ச் மரை. பெடல் கல்லாக நின்றால் மாஸ்டர் நலம், கோளாறு கீழே. அப்போதும் இறங்கினால் மாஸ்டர். ரப்பர் ஹோஸை பிளையரால் நசுக்கிச் சோதிக்கும் பழக்கம் ஒர்க் ஷாப்களில் உண்டு. அந்த ஹோஸை எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் மட்டும் அனுமதியுங்கள். பழைய ஹோஸின் உட்சுவர் ஒருமுறை கிழிந்தால் தாள் மாதிரி மடங்கி ஆயிலை ஒரு பக்கமாக மட்டும் விடும். பெடல் மேலே வந்த பிறகும் கிளட்ச் தாமதமாகப் பிடிக்கும் விசித்திரக் கோளாறு அப்படித்தான் பிறக்கிறது.

ஏர் எடுப்பது மட்டும்

செலவு அரை லிட்டர் டாட் 4, ஒன்றரை அடி ட்ரான்ஸ்பரன்ட் ட்யூப், ஒரு மணி நேரம். லைன் முழுவதும் பழைய ஆயிலை வெளியேற்ற 200 முதல் 300 மி.லி. போதும். லைனைத் திறந்து வேறு வேலை செய்தவர்களுக்கும், மட்டம் இறங்க விட்டவர்களுக்கும், ஆயில் மாற்றிப் பல வருடம் ஆனவர்களுக்கும் இது போதுமானது. மேலே சொன்ன சோதனைகளில் கசிவும் இல்லை, பெடல் இறங்கவும் இல்லை என்றால் முதலில் இதைச் செய்துபார்ப்பதே புத்திசாலித்தனம்.

ஆனால் எப்படி எடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் மிதிக்க ஒருவர் ஸ்லேவின் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சிறு திருகு) திறக்கும் பழைய முறை, பழைய வண்டிக்கு ஆபத்தானது. கிளட்சைத் தரை வரை மிதிக்காமல் ஓட்டுபவரின் வண்டியில் மாஸ்டர் பிஸ்டன் சிலிண்டரின் கடைசி சில மில்லிமீட்டருக்குப் போவது அரிது. அந்தப் பகுதியில் வருடக்கணக்காகத் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் பெடல் தரையைத் தொடுவதால், வாஷர் அந்தக் கரடுமுரடில் ஏறி இறங்கிக் கிழிகிறது. "ஏர் எடுக்கக் கொடுத்தேன், மறுநாள் மாஸ்டரே போய்விட்டது" என்ற புலம்பலுக்கு மெக்கானிக்கின் கைராசி காரணம் இல்லை. பெடலுக்கு அடியில் இரண்டு விரல் கன மரக்கட்டை ஒன்றை வைத்தால் இந்த விபத்தைத் தவிர்க்கலாம்.

மிதிக்கும் முறையில் வேகமும் கெடுதல். படபடவென்று அடித்தால் பெரிய குமிழி நுரையாக உடைந்து ஆயிலில் கலந்துவிடும், பிறகு அரை மணி நேரம் காத்திருந்தால்தான் மேலே வரும். மெல்ல மிதித்து, பிடித்து, நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து, பெடல் இறங்கியதும் மூடி, பிறகே பெடலை மேலே விட வேண்டும். பெடல் தானாக வராவிட்டால் கையால் தூக்குங்கள். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து நிரப்ப வேண்டும். நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனரே போடவும், ஓப்பன் ஸ்பேனர் முனையை உருட்டிவிடும். துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். நிப்பிள் முறிந்தால் அந்த நிமிடமே உங்கள் வேலை ஸ்லேவ் மாற்றமாகிவிடும்.

எனக்கு அதிகம் பிடித்தது கீழிருந்து மேலே தள்ளும் முறை. மருந்துக் கடையில் கிடைக்கும் 50 அல்லது 100 மி.லி. சிரிஞ்சில் புதிய ஆயிலை நிரப்பி, ட்யூபில் காற்று இல்லாமல் நிப்பிளில் மாட்டி, மெல்லத் தள்ளினால் காற்று தன் இயல்புப்படி மேலே ஏறி டப்பாவில் வெளிவரும். தொடங்குமுன் டப்பாவில் இருக்கும் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இல்லையேல் வழிந்து பெயிண்ட்டைத் தின்றுவிடும். வழிந்த இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துணியால் தேய்க்காதீர்கள். லைனில் கறுப்புக் கசடு நிறைய இருந்தால் முதலில் சாதாரண முறையில் அதைக் கீழே இறக்கிவிட்டு, பிறகு இந்த முறைக்கு வாருங்கள். கசடை மாஸ்டரின் நுண்துளைக்குள் தள்ளுவது புதிய வம்பு.

வெளியே பொருத்தப்பட்ட ஸ்லேவாக இருந்தால் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு போல்ட்டையும் கழற்றி, குழாயோடு ஸ்லேவைக் கையில் எடுத்து, நிப்பிள் உச்சியில் இருக்கும்படி பிடித்து, பிஸ்டனைக் கட்டை விரலால் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். ஸ்லேவில் தங்கிய காற்று ஆயிலோடு மேலே போகும். அந்த நேரத்தில் யாரும் பெடலைத் தொடக் கூடாது, பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும். வாக்யூம் பம்பால் கீழிருந்து உறிஞ்சும் முறை வேகமானது, ஆனால் நிப்பிளின் மரை வழியாகவும் காற்று வருவதால் குமிழி நிற்கவே நிற்காது. லைன் சுத்தமான பிறகும் ஆயிலை வீணடித்துக்கொண்டே இருப்பார்கள்.

கிட்டா, சிலிண்டரா

கிட்டின் விலை முழுச் சிலிண்டரின் விலையில் சிறு பகுதி. கடைக்குக் கடை மாறினாலும் இந்த இடைவெளி எப்போதும் பெரியது, அதனால் ஆசை காட்டும். அது சிலிண்டர் சுவரின் கதையைப் பொறுத்தது. பிஸ்டனை வெளியே எடுத்து, சுவரை பிரேக் ஆயிலால் துடைத்து, விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தடுக்கவில்லை என்றால் கிட் போடலாம், பல வருடம் ஓடும். ஊசிக்குத்துப் போன்ற குழிகள் கண்ணுக்குத் தெரிந்தால் புதிய வாஷர் அவற்றின் மேல் ஓடி ஓடிக் கிழியும். இரும்புச் சிலிண்டரில் மேலோட்டமான கறையை 1000 கிரிட்டுக்கு மேற்பட்ட நுண் எமரித் தாளால் வட்டமாகத் தேய்த்து எடுக்கலாம். அலுமினியச் சிலிண்டரில் தேய்க்கவே கூடாது, கடினமான மேற்பூச்சு போய்விடும், பிறகு சுவர் வேகமாகத் தேயும்.

கிட் போடும் வேலையில் பெரும்பாலான தோல்வி கழுவும் இடத்தில் நடக்கிறது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் இந்த ரப்பரைத் தொடக் கூடாது. ஊறிப் பருத்து, பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். உள்ளே பூசுவதற்கும் பிரேக் ஆயிலையோ பிரேக்குக்கென வரும் ரப்பர் கிரீஸையோ மட்டும் பயன்படுத்த வேண்டும், வீல் பேரிங் கிரீஸ் ஆகாது. வாஷரின் உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் முதல் மிதியிலேயே தெரிந்துவிடும்.

இந்த விஷயத்தில் என் நிலை இது: ஸ்லேவுக்கு கிட் போடுவதை யோசிக்கலாம், மாஸ்டருக்கு வேண்டாம். வெளியே இருக்கும் ஸ்லேவ் எளியது, ஒரே வாஷர், ஒரே ஸ்பிரிங், தோற்றாலும் இரண்டு போல்ட்டில் கழன்று வரும். மாஸ்டர் அப்படியல்ல. பெடலுக்கு அடியில் குனிந்து பின் கழற்றி, சுவரிலிருந்து எடுத்து, மறுபடி பொருத்தி, புஷ் ராடு ஆட்டத்தைச் சரிபார்க்கும் வேலைக்கே பாதி நாள் போகிறது. அவ்வளவு கூலி கொடுத்துவிட்டு உள்ளே பழைய சுவரையே வைத்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை. கடையில் சிலிண்டரே கிடைக்காத அபூர்வமான பழைய வண்டி மட்டும் விதிவிலக்கு. அதற்கு லேத்தில் பழைய சிலிண்டரைக் கடைந்து உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் இறக்கி, அசல் விட்டத்துக்கே கொண்டுவந்து, பிறகு கிட் போடுவது உண்மையான தீர்வு. ஸ்லீவ் இறக்கும்போது டப்பாவிலிருந்து வரும் இரண்டு துளைகளையும் அதே இடத்தில் மறுபடி போட வேண்டும். சிறிய துளையின் உள் விளிம்பில் பிசிறு நின்றால் புதிய வாஷர் நிலைக்காது. இதைத் தெரிந்து செய்யும் லேத்தா என்று முதலில் கேளுங்கள்.

புதிய மாஸ்டரைப் பொருத்தும் முன் வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, வெளிவாயை விரலால் மூடித் திறந்து, மெல்ல அழுத்தி உள்ளிருக்கும் காற்றை அங்கேயே வெளியேற்றுவது பிறகு வரும் தலைவலியைப் பாதியாகக் குறைக்கும். பொருத்திய பின் புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் துளி இடைவெளி இருக்க வேண்டும். டொயோட்டா வண்டிகளில் வழக்கமாகப் பெடல் நுனியில் அளந்தால் புஷ் ராடு ஆட்டம் 1 முதல் 5 மி.மீ., மொத்த ஃப்ரீ ப்ளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்குமுன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) 5 முதல் 15 மி.மீ. பெடல் மேலாகப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில் அந்த ஆட்டத்தைப் பூஜ்யமாக்கிவிடுபவர்கள் உண்டு. அப்போது டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். ஆயில் சூடேறி விரிய இடமில்லாமல் கிளட்ச் தானே பாதி விடுபட்டு வழுக்கும். நல்ல பிளேட் எரிந்துபோகும்.

ஒன்றா, இரண்டுமா

ஒரு சிலிண்டர் மட்டும் போயிருக்கும்போது மற்றதையும் மாற்றச் சொன்னால், பணம் பிடுங்குகிறார்கள் என்று தோன்றும். பத்து வருடம் தாண்டிய வண்டியில் அது நேர்மையான ஆலோசனைதான். இரண்டும் ஒரே வயது, ஒரே ஆயிலில் ஊறியவை. மேலே புதிய மாஸ்டர் முழு அழுத்தத்தையும் முழுப் பயணத்தையும் திரும்பக் கொடுக்கும்போது, இதுவரை குறைந்த பயணத்தில் ஓடிப் பழகிய ஸ்லேவின் வாஷர் தேயாத, துரு படிந்த பகுதிக்குத் தள்ளப்படுகிறது. சில வாரத்தில் அது கசியத் தொடங்கும். ஆகவே மாஸ்டர் போனால் ஸ்லேவையும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்லேவ் மட்டும் கசிந்து, மென்மையாகப் பிடித்த பெடல் இறங்காமல் நின்றால், மாஸ்டரை விட்டுவைக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் ரப்பர் ஹோஸையும் மாற்றிவிடுங்கள், அது மிக மலிவான பாகம், லைன் ஏற்கெனவே திறந்திருக்கிறது.

கியர்பாக்ஸை இறக்க வேண்டிய வண்டிகள்

செவ்ரலே க்ரூஸ், ஃபோர்டு எக்கோஸ்போர்ட் போன்றவற்றில் ஸ்லேவ் வெளியே இல்லை. ரிலீஸ் பேரிங்கோடு (பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தும் பேரிங்) ஒன்றாகச் சேர்ந்து, பெல் ஹவுசிங்குக்குள் கியர்பாக்ஸின் தண்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். இங்கே கிட் என்ற பேச்சே கிடையாது, முழுப் பாகம்தான். பாகத்தின் விலையைவிட அதை அடையும் கூலி அதிகம். பெல் ஹவுசிங் அடியில் சொட்டுவது தண்ணீரில் கரைகிறது என்றால் வேறு வழி இல்லை. ஆயில் பட்ட பிளேட்டும் வீண். எனவே பிளேட், பிரஷர் பிளேட், உள் ஸ்லேவ் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றி, எஞ்சினின் பின் ஆயில் சீலையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இந்த வண்டியில் உள் ஸ்லேவுக்கு மலிவான பிராண்டைத் தேடாதீர்கள், மிச்சப்படுத்திய தொகையைப் போலப் பல மடங்கு இரண்டாவது கூலியில் போகும். கியர்பாக்ஸ் போல்ட் முழுதாக இறுகும் முன் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. எதிர்ப்பு இல்லாத உள் ஸ்லேவ் விரிந்து சீல் பிதுங்கிவிடும். செவ்ரலே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-இல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே பாகம் கையில் வந்த பிறகே வண்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

எங்கே வாங்குவது, யாரிடம் கொடுப்பது

குவாலிஸ், இன்னோவா சிலிண்டர்களுக்குப் பெங்களூர் ஜே.சி. ரோடு கடைகள் போதும். டொயோட்டாவுக்கு அய்சின் தயாரிப்பைக் கேளுங்கள். இந்திய வண்டிகளுக்கு பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் பாகங்கள் நம்பகமானவை. எந்தக் கடையானாலும் பூட்டின் ரப்பர் மென்மை, மரையின் சுத்தம், விட்ட எழுத்து மூன்றையும் கடையிலேயே பார்த்துவிட்டு பில் வாங்குங்கள். சிவாஜிநகர் குஜிரியில் (பழைய பாகச் சந்தை) பழைய சிலிண்டர் மிக மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். ஆயில் வற்றி மாதக்கணக்கில் கிடந்த சிலிண்டரின் சுவர் உங்கள் வண்டியில் இருப்பதைவிட மோசமாக இருக்கும். பெடல் பிராக்கெட், இரும்புக் குழாய், டப்பா போன்றவற்றுக்கு மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் கிட் போட மாட்டார்கள், முழுச் சிலிண்டர்தான், கூலியும் கூட, வேலைக்கு உத்தரவாதம் உண்டு. பேட்டை மெக்கானிக் கிட்டும் போடுவார், உங்கள் கண் முன்னால் வேலையும் நடக்கும். வெளி ஸ்லேவ் வண்டிக்கு நான் இரண்டாமவரையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: சீல் உடைக்காத ஆயில் பாட்டிலை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பாதி திறந்த நிலையில் அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் பாட்டில் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றுவதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். டப்பா பிரேக்கோடு பகிர்ந்ததாக இருந்தால், கிளட்சோடு சேர்ந்து பிரேக்கின் எல்லா ரப்பரும் ஊதிவிடும்.

இன்னொரு கேள்வி, வண்டியை இன்னும் எத்தனை காலம் வைத்திருப்பது. பதினைந்தாம் வருட ஆர்.சி. புதுப்பிப்பு நெருங்கி, விற்றுவிடும் யோசனை இருந்தால், சுவர் சுத்தமாக இருக்கும் ஸ்லேவுக்குக் கிட், லைனுக்குப் புதிய ஆயில், அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டு சிலிண்டர், ஹோஸ், ஆயில் என்று ஒரே தடவையில் முடியுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படும் முன் நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஏறி இறங்கும்போது கியர் விழாமல் நிற்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நான்கைந்து நாள் நகரத்துக்குள் ஓட்டிப் பார்க்கும் அவகாசம் வேண்டும்.

அந்த நாட்களில் தினமும் காலையில் டப்பாவின் மட்டத்தில் ஒரு மார்க்கர் கோடு போட்டு ஒப்பிடுங்கள். இரண்டாம் நாள் ஸ்லேவ் பூட்டை விலக்கி உள்ளே உலர்ந்திருக்கிறதா பாருங்கள், மாஸ்டரின் புஷ் ராடு பக்கமும் விரல் வையுங்கள். புதிய லைனில் ஒட்டியிருந்த நுண்குமிழிகள் ஓட்டத்தின் அதிர்வில் மேலே சேர்ந்துகொள்ளும் என்பதால், வார இறுதியில் இன்னொரு முறை 50 மி.லி. அளவுக்கு ஏர் எடுத்துவிட்டால் பெடல் இன்னும் கொஞ்சம் மேலே வந்து பிடிக்கும். அடுத்த ஆயில் மாற்றம் இரண்டு வருடத்தில், பிரேக் ஆயிலோடு சேர்த்து.